நானூறு பேருக்குக் குறையாத சாம்பார்

நெய்வேலியில் பசியை ஒழிப்பதற்காகத் தொடங்கப்பட்ட ஒரு சங்கம், ஆறே மாதத்தில் பசித்த ஆட்களைத் தேடித் தெருத்தெருவாக அலையும் நிலைக்கு வந்து சேர்ந்தது. சேவையில் இவ்வளவு சீக்கிரம் முன்னேறிய சங்கம் கடலூர் மாவட்டத்திலேயே வேறு கிடையாது என்று அதன் தலைவர் மருதாசலம் பெருமைப்பட்டார். செயலாளர் செவ்வந்திக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

இருபத்தோராம் பிளாக் பசியாற்றும் சங்கம் என்பது அதன் பெயர். ஞாயிறுதோறும் மதியம் ஒருவேளைச் சாப்பாடு. காண்ட்ராக்ட் லைனில், அதாவது ஒப்பந்தத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்களின் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவர்கள், செக்யூரிட்டிகள் என்று நாற்பது பேருக்குத்தான் ஏற்பாடு. அரிசியும் பருப்பும் பிளாக்கில் உள்ள வீடுகளிலிருந்து வரும். சமையலும் பந்தியும் பிளாக்கின் பழைய சமுதாயக் கூடத்தில். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று டவுன்ஷிப் அலுவலகம் அதை விட்டுக் கொடுத்திருந்தது. சாவி செவ்வந்தியிடம் இருந்தது.

சாவி என்றால் வெறும் சாவி இல்லை. செவ்வந்தி மார்க்கெட்டில் ஒரு கடையில் ஜாக்கெட் தைப்பவள். குடித்தனம் காண்ட்ராக்ட் லைனில். திங்கள் முதல் சனி வரை பெர்மனன்ட் ஊழியர் வீட்டு அம்மாக்களுக்கு அவள் "இந்தாம்மா பொண்ணு, கை இறுக்குது பாரு". ஞாயிற்றுக்கிழமை அதே அம்மாக்கள் அரிசிப் பையோடு வந்து, "செக்ரட்டரி மேடம், இத எங்க வைக்கட்டும்?" என்று கேட்பார்கள். மேடம் விரல் நீட்டிய மூலையில் வைப்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே செவ்வந்தி மீதி ஆறு நாளும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள் என்றால் அதில் பெரிய பொய் இல்லை. கூடம் போனால் மேடமும் போய்விடுவாள். பொண்ணுதான் மிஞ்சுவாள்.

கூடம் போகிற நிலைமையைக் கொண்டுவந்தவர் தலைவர். அதுவும் நல்ல எண்ணத்தில்.

மருதாசலம் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். பிழைப்புக்கு நெய்வேலி வந்து, தொழிற்கூடக் கேன்டீன் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஷிஃப்டுக்கு நானூறு சாப்பாடு. அவர் கையும் நாக்கும் அந்த நானூறுக்குத்தான் பழகியிருந்தன. ஞாயிறு காலை என்னவோ நாற்பது பேருக்கான பருப்பைத்தான் போடுவார். பிறகு பழைய ஞாபகத்தில் உப்பை அள்ளிப் போடுவார். ருசி பார்த்து, "உப்புக் கொஞ்சம் தூக்கலுங்" என்று பருப்பைக் கூட்டுவார். பருப்பு கூடினால் புளி போதாது. புளி கூடினால் காரம் எடுபடாது. காரம் ஏறினால் காய் காணாது. இப்படி ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே போய், நானூறு பேருக்கான அளவைத் தொட்டதும் சாம்பார் சட்டென்று அமிர்தமாகிவிடும். மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு வியர்வையைத் துடைப்பார். அவ்வளவு சாம்பாருக்குச் சோறு வேண்டாமா? அரிசி தீர்ந்தால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டுவார். முப்பது வருடம் சோறு போட்ட மனிதர் கேட்டால் இல்லை என்று சொல்ல அந்தப் பிளாக்கில் யாருக்கும் வாய் வராது.

பொருளாளர் லூர்துமேரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அவரும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார்.

"மாஸ்டர், ஒங்களுக்குத் தெரிஞ்ச அளவ அப்படியே பத்தால வகுங்க. அவ்வளவுதான விஷயம்?"

"வகுத்துத்தானுங் போட்டேன் டீச்சர். பருப்பு வகுபடுது, உப்பு வகுபடுது. ருசி வகுபட மாட்டேங்குதே."

ஒரு வாரம் செவ்வந்தி அண்டாவை ஒளித்துவிட்டு நடுத்தரமான குண்டான் ஒன்றை அடுப்பில் ஏற்றி வைத்தாள். மாஸ்டர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங்கம்மிணி, கொழந்தைக்கு வெந்நி வெக்கறீங்களா?"

அன்றைக்கு அந்தக் குண்டானிலேயே பத்துத் தடவை சாம்பார் வைத்தார். பத்தையும் ஒன்றாகக் கலந்த பிறகுதான் ருசி வந்தது என்றார்.

நாற்பது பேர் வயிறு முட்டச் சாப்பிட்டு, ஆளுக்கொரு தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போன பிறகும் அண்டாவில் முக்கால்வாசி நிற்கும். மாடுகளுக்குப் போட்டார்கள். மாடுகள் தங்கள் சொந்தபந்தங்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும். காலண்டர் பார்க்காமலே ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்துகொண்டு காலையிலேயே வந்து கூடத்து வாசலில் வரிசையில் நின்றன. அந்த அளவுக்கு ஒழுங்கான வரிசை பந்தியில்கூட இருந்ததில்லை. பிறகு சாக்கடையில் சோறு அடைத்துக்கொண்டது. புகார் போனது. டவுன்ஷிப் சுகாதார ஆய்வாளர் சிங்காரவேல் ஸ்கூட்டரில் வந்தார்.

சிங்காரவேல் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் எப்படியாவது சரிக்கட்டியிருக்கலாம்.

"ஏம்மா, இது மூணாந் தடவ. பசிக்குச் சோறு போடறீங்க, சந்தோஷம். சாக்கடைக்கும் போடணுமா? வர்ற ஞாயித்துக்கெழம சாயங்காலம் நானே வந்து பாப்பேன். அண்டால ஒரு கரண்டி மீந்திருந்தாலும் சாவிய வாங்கிகினு போயிடுவேன். அப்புறம் என்னயக் கொற சொல்லக் கூடாது."

அன்று மாலை நிர்வாகக் குழு கூடியது. தலைவர் வரவில்லை. அவரைப் பற்றிப் பேசவேண்டியிருந்ததால் அவருக்குச் சொல்லவில்லை.

"மாஸ்டருகிட்ட நீங்க சமைக்க வேணாம்னு சொல்லிடலாமா?" என்றார் லூர்துமேரி.

"நீங்க சொல்றீங்களா டீச்சர்?" என்றாள் செவ்வந்தி.

"சேசுவே! நான் எப்படிச் சொல்லுவேன்?"

"நானும் சொல்லமாட்டேன். சோத்தக் கொறைக்க முடியலன்னா ஆளக் கூட்ட வேண்டியதுதான். நானூறு பேரக் கூப்புடுவோம்."

வாரம் முழுக்க இருவரும் காண்ட்ராக்ட் லைன்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஓசிச் சோறு என்றால் ரோஷக்காரர்கள் வரமாட்டார்கள் என்று, வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக, கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் அழைத்தார்கள். எல்லோரும் "கட்டாயம் வர்றோம்ங்க" என்றார்கள். செவ்வந்தியின் புருஷன் இளவழகன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் காண்ட்ராக்டில் வேலை செய்பவன். காண்ட்ராக்ட் தொழிலாளர் சங்கத்துக்கு அவன்தான் கிளைச் செயலாளர். ஒரே வீட்டில் இரண்டு செயலாளர்கள் இருந்ததால் அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவதுகூடத் தீர்மானம் போட்டுத்தான் நடந்தது. "எங்க ஆளுங்க மொத்தப் பேரையும் நான் கூட்டியாரேன், நீ கவலப்படாத" என்று அவனும் வாக்குக் கொடுத்தான்.

ஞாயிறு காலை செவ்வந்தி இருட்டு விலகுவதற்கு முன்பே கூடத்துக்கு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் வந்தார். உப்பை அள்ளிப் போட்டார். "தூக்கலுங்" என்றார். இந்த வாரம் யாரும் தடுக்கவில்லை. மதியத்துக்குள் சாம்பார் அமிர்தமாகிவிட்டது. இலை அறுத்து வைத்தாயிற்று, பாய் விரித்தாயிற்று. அழைத்தவர்களில் ஒரு ஆளையும் காணோம். வழக்கமாக வரும் நாற்பது பேர் மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பக்கத்து மைதானத்தில் மைக் சத்தம் கேட்டது. செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். பந்தல். பந்தலுக்குக் கீழே அவள் அழைத்த அத்தனை பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலே பேனர்: பணி நிரந்தரம் கோரி ஒருநாள் அடையாள உண்ணாவிரதம்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பந்தலிலிருந்து மூன்று பேர் கொண்ட தூதுக்குழு ஒன்று கூடத்தை நோக்கி வந்தது. முன்னால் வந்தவன் இளவழகன். தோளில் துண்டு.

"பசியாற்றும் சங்கத்தோட செயலாளருக்கு வணக்கம்."

"வணக்கம். இத வூட்டுல சொல்லியிருக்கலாமே."

"வூட்டுல நீ எங்க இருந்த? செகண்டு ஷிஃப்டு முடிச்சி வந்தா தூங்கிகினு இருக்க. காலைல எழுந்தா ஆளக் காணோம். நாளைக்கு மெயின் கேட்டுல ஒக்கார்றதாத்தான் இருந்துச்சி. அங்க போலீசு பர்மிஷன் தரல. ஞாயித்துக்கெழமன்னா இந்த கிரவுண்டுன்னுட்டான். நேத்து சாயங்காலம்தான் முடிவாச்சி."

"மொத்தப் பேரையும் கூட்டியாரேன்னு சொன்னியே, பாவி?"

"கூட்டியாந்துட்டனே" என்று பந்தலைக் காட்டினான் இளவழகன். கூட வந்த இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். "இப்ப பிரச்சன அதில்ல. ஒங்க சாம்பார் வாசன நேரா பந்தலுக்குள்ள வருது. நாலு பேரு எழுந்து தண்ணி குடிக்கப் போறேன்னு இந்தப் பக்கமாவே போறான். நிர்வாகத்துக்கிட்ட கை நீட்டிகினு எங்க போராட்டத்த ஒடைக்கத்தான் நீங்க சமைக்கிறீங்கன்னு பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறது?"

"பசில இருக்கறவங்க."

"வாசனய நான் என்னா பண்றது? சாம்பாருக்கு சுவிட்சா இருக்கு, அமுத்தி நிறுத்த?"

"மூடி போடு."

உள்ளிருந்து இதைக் கேட்ட மாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

"ஏனுங் தம்பி, அந்தக் கோடி வரைக்குமா வருது?"

"கடைசி வரிசை வரைக்கும் வருது மாஸ்டர்" என்றான் தூதுக்குழுவில் ஒருவன், எச்சில் விழுங்கியபடி.

"பெருங்காயம் நல்ல பெருங்காயமுங்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் உள்ளே போனார். மூடி போடவில்லை.

தூதுக்குழு திரும்பிய கொஞ்ச நேரத்தில், சொன்னதைவிட முன்னதாகவே சிங்காரவேல் வந்துவிட்டார். ததும்பும் அண்டாவைப் பார்த்தார். ஜன்னல் வழியே பந்தலைப் பார்த்தார். இரண்டையும் கூட்டிப் பார்த்தார்.

"ஓ. போராட்டத்துக்கா சமையல்? ஏம்மா, சேவைக்குன்னு கூடத்தக் குடுத்தா ஸ்டிரைக்குக்குச் சோறாக்கறீங்களே. மேல கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"சார், அவங்க உண்ணாவிரதம் சார். சாப்புடமாட்டாங்க."

"சாப்புடாதவங்களுக்கு எதுக்குமா இவ்ளோ?"

பந்தலுக்குச் செவ்வந்தி நிர்வாகத்தின் ஆள், நிர்வாகத்துக்கு அவள் பந்தலின் ஆள். அவள் தைத்த ஜாக்கெட் எதுவும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இப்படி இறுக்கியதில்லை.

சிங்காரவேல் ஒரு நாற்காலியைப் போட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அஞ்சு மணி வரைக்கும் பாக்கறேன்" என்றார். உண்ணாவிரதமும் ஐந்து மணிக்குத்தான் முடியும். செவ்வந்தியும் லூர்துமேரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிந்த கையோடு அத்தனை பேரையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டால் தீர்ந்தது. லூர்துமேரி கண்ணை மூடி சிலுவை போட்டார். மாஸ்டர் ரசம் வைக்கத் தொடங்கினார்.

ஐந்து அடித்தது. பந்தலில் ஒருவரும் எழவில்லை.

செவ்வந்தி ஓடினாள். மேடையில் இளவழகன் போனைக் காதில் வைத்தபடி வெளுத்த முகத்தோடு நின்றான்.

"என்னாத்துக்கு இன்னும் ஒக்காந்துகினு இருக்கீங்க?"

"ஜூஸ் குடுத்து முடிச்சி வைக்க கடலூர்லேர்ந்து மாவட்டத் தலைவரு வரணும். நெல்லிக்குப்பத்துல மாட்டிகினாரு. ரயில்வே கேட்டு போட்டுட்டானாம், முன்னாடி வரிசையா கரும்பு டிராக்டராம்."

"அவரு வரலன்னா நீங்க சாப்புட மாட்டீங்களா?"

"தலைவர் வராம எப்புடி முடிக்கறது? அது மொறையில்ல. போட்டோக்காரன் வேற நிக்கறான்."

"நீயே ஒரு வாய் குடிச்சி முடியேன்."

"எனக்கு நானே குடுத்துக்க முடியுமா? ஊரு சிரிக்காதா?"

அப்போது அவன் வயிறு இரைந்தது. கையில் மைக் திறந்தே இருந்தது. நான்கு ஒலிபெருக்கிகளும் அந்தச் சத்தத்தை ஒன்று விடாமல் இருபத்தோராம் பிளாக் முழுவதற்கும் கொண்டு சேர்த்தன. பந்தல் அமைதியாகக் கேட்டது. அன்று பேசப்பட்டவற்றில் தொழிலாளர்களின் நிலையை அவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்ன உரை வேறில்லை.

செவ்வந்தி மைக்கை அவன் கையிலிருந்து வாங்கினாள். மறு கையில் கூடத்துச் சாவி இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் பசியாற்றும் சங்கத்துச் செயலாளரு பேசறேன். நாங்க யாருக்கும் ஆளு கெடையாது. ஒங்க வூட்டு வாசலுக்கு வந்து கூப்புட்டோம், நீங்க வர்றோம்னு சொன்னீங்க. ஒங்க தலைவரு நெல்லிக்குப்பத்துல கரும்பு பாத்துகினு இருக்காரு. அவரு வர்றதுக்குள்ள சோறு ஆறிடும், எங்க கூடத்தையும் பூட்டிடுவாங்க. ஒங்கள்ள பாதிப் பேரு மாஸ்டரு கையால வருசக்கணக்கா சாப்புட்டவங்கதான? அவரு எந்தக் கட்சி, எந்தச் சங்கம்னு அப்ப கேட்டீங்களா? அவரு கையால ஒரு வாய் குடிச்சி முடிச்சா என்னா கொறஞ்சிடும்?"

இளவழகன் மேடை விரிப்பைப் பார்த்தான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "மாஸ்டரே குடுக்கட்டும்யா!" அடுத்த நொடி மைதானம் முழுக்க அதே குரலானது.

மாஸ்டர் பந்தலுக்குள் வந்தபோது கையில் எலுமிச்சை ஜூஸ் இல்லை. வாளி நிறைய ரசம்.

"ஜூஸு இல்லீங். ரசம் இப்பத்தான் எறக்குனேன். இன்னமும் வெச்சிருந்தா வாசம் போயிருமுங்" என்றபடி முதல் டம்ளரை இளவழகனிடம் நீட்டினார். போட்டோக்காரர் படம் எடுத்தார். தமிழ்நாட்டில் மிளகு ரசத்தால் முடித்து வைக்கப்பட்ட உண்ணாவிரதம் வேறு உண்டா என்று தெரியவில்லை. இளவழகன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, போராட்ட முழக்கத்தை மறந்து, "மாஸ்டர், இன்னும் கொஞ்சம்" என்றான். அதுவும் மைக்கில் கேட்டது.

பிறகு நடந்ததற்குப் பந்தி என்று பெயர் சொல்ல முடியாது. கூடம் நிறைந்து, வராந்தா நிறைந்து, மைதானத்திலும் இலை விழுந்தது. உண்ணாவிரதம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு லைனிலிருந்து பெண்களும் கிழவர்களும் வந்தார்கள். பந்தலுக்குக் காவல் நின்ற போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். செவ்வந்தி பரிமாறிக்கொண்டே ஓடியபோதெல்லாம் அண்டாவின் பக்கம் பார்த்துக்கொண்டாள். முக்கால். பாதி. கால். சிங்காரவேலின் முகத்தைப் பார்த்தாள். அவர் அண்டாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்டி அடியில் உரசும் சத்தம் கேட்டது. அவள் மனசுக்குள் ஒரு நாதஸ்வரமே ஒலித்தது.

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னா மாஸ்டர்? மயக்கமா?"

அவர் வராந்தாவின் கடைசி வரிசையைக் காட்டினார். பன்னிரண்டு, பதினைந்து பேர் இருக்கும். தண்ணீர் தெளித்த இலைகள். இலையில் உப்பு மட்டும் இருந்தது.

"இத்தன வருசத்துல என் பந்தியில எல காஞ்சதில்லீங்கம்மிணி" என்றார். கண் நிறைந்துவிட்டது. "ரிட்டயர் ஆன பொறவு இந்த அவமானமா?"

சாவி பத்திரமாகிவிட்டது என்று சொல்லக் கிளம்பிய செவ்வந்தி அதை விட்டுவிட்டு அந்த வரிசையைப் பார்த்தாள். கடைசி இலையில் உட்கார்ந்திருந்தவள் அவள் போய் அழைத்தவள்தான். மடியில் கைக்குழந்தை. ஓசிச் சோற்றுக்கு வரமாட்டேன் என்று முதலில் சொன்னவள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவாள், இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரமாட்டாள் என்று அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"டீச்சர், நீங்க இந்தத் தெரு. நான் அந்தத் தெரு" என்றாள் செவ்வந்தி.

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் வீடுகளில் குழம்பு இல்லாமல் போகுமா? இருவரும் காலிங்பெல்லை அமுக்கிக்கொண்டே போனார்கள். கோழிக் குழம்பு வந்தது. மீன் குழம்பு வந்தது. ராத்திரிக்கென்று எடுத்து வைத்த பிரியாணி வந்தது. ஒரு வீட்டில் தோசை சுட்டுச் சுடச்சுடக் கொடுத்தார்கள். அண்டாவுக்குக் காவல் இருந்த சிங்காரவேலும் கடைசி வரிசையை இரண்டு தடவை பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், தன் வீட்டு டிபன் கேரியரோடு திரும்பி வந்தார். நண்டு.

கடைசி வரிசைக்கு அன்று கிடைத்த விருந்தைச் சாம்பார் சாப்பிட்டவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். முந்திக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்ததற்காகச் சிலர் தங்களையே நொந்துகொண்டார்கள். இளவழகன் இது திட்டமிட்ட பாகுபாடு என்றான். கைக்குழந்தைக்காரி நண்டை உறிஞ்சியபடி, "அடுத்த வாரமும் கடைசி வரிசைல எடம் போட்டு வைங்கக்கா" என்று செவ்வந்தியிடம் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு லூர்துமேரி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். கிண்ணங்கள், தூக்குகள், டப்பாக்கள், கேரியர்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒவ்வொரு வீட்டம்மா பெயர் பொறித்திருந்தது. கூடத்தின் ஒரு சுவர் முழுவதும் வரிசை போனது. சிங்காரவேல் அண்டாவைச் சாய்த்துப் பார்த்து, கரண்டியைத் தடவிப் பார்த்து, திருப்தியாகி, இருந்தாலும் தொண்டையைக் கனைத்தார்.

"மீதி எதுவும் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா இந்த ஸ்டிரைக்கு, கூட்டம், போலீசு... மேல கேப்பாங்கம்மா. ஒரு ரெண்டு மாசம் கூடத்தப் பூட்டி வைச்சி, அப்புறமா பாத்துக்கலாமே?"

செவ்வந்தி சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு வரிசையிலிருந்து அவர் வீட்டுக் கேரியரைத் தேடி எடுத்தாள். விளிம்பில் கஸ்தூரி என்றிருந்தது. மூன்றடுக்கும் பளபளவென்று, வெறுமையாக. அதையும் நீட்டினாள்.

"இதையும் எடுத்துகினு போயிடுங்க சார்."

சிங்காரவேல் கேரியரைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"காலியா இருக்கே."

"கூடம் இல்லாம என்னாத்த சார் ரொப்பிக் குடுக்கறது? எங்களுக்கும் மனசு கேக்கல. ஒரு வூட்டுலேர்ந்து வந்த ஏனத்த வெறுமனே திருப்பி அனுப்பறதான்னு. பிளாக்கு முழுக்க இதே மாதிரி போயித் திருப்பிக் குடுத்துட்டு வரணும். ஏன்னு கேட்டா, கூடத்தப் பூட்டிட்டாங்கன்னு சொல்லிக்கறோம்."

சிங்காரவேல் சுவரோரம் நின்ற பாத்திரங்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். அதில் அவருடைய மேலதிகாரி வீட்டுத் தூக்கும் ஒன்று இருந்தது. வெறும் கேரியரோடு வீட்டுக்குள் நுழைவதையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் அதை அவசரமாகக் கீழே வைத்தார். பிறகு சாவியை அதன் மூடிமேல் வைத்தார்.

"என்னா செய்வீங்க அடுத்த வாரம்?" என்றார், வேறு யாருக்காகவோ கேட்பதுபோல.

"பாயசம் வெக்கலாம் சார். எல்லா ஏனத்துலயும் ஊத்திக் குடுத்துடலாம்."

"சேமியாவா, பருப்பா?"

"மேடம் சொல்றதுதான்" என்றார் லூர்துமேரி.

மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்த மாஸ்டர் தலை நிமிர்ந்தார். எழுந்தார். பாத்திரங்களின் வரிசைக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு தூக்கையும் கண்ணாலேயே அளந்தார். முகத்தில் இரத்தம் திரும்பியது.

"பாயசமுங்களா?" என்றார். "எத்தன பேருக்குங்?"

லூர்துமேரி மறுபடி கண்ணை மூடி சிலுவை போட்டார்.